எங்கள் பள்ளிக் கூரையைக் காத்துத் தந்தவர்களுக்கு

பேரன்புடையீர், வணக்கம்.

காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மூன்று வகுப்பறைகளும் பழுது நீங்கி, சென்ற திங்கட்கிழமை முதல் பிள்ளைகள் அவற்றில் அமர்ந்து படிக்கிறார்கள் என்பதைத் தலைமையாசிரியை என்ற முறையில் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். உதவியவர்களில் பலர் தங்கள் பெயர் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், எவர் பெயரையும் குறிப்பிடாமலே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, நான் கொடுத்த வேலையை ஏற்க மறுத்த கொத்தனாருக்கு உரியது. பள்ளி திறப்பதற்குள் கூரை வெடிப்புகளைப் பூசி வெள்ளையடித்துவிட வேண்டும் என்றுதான் அவரை அழைத்தேன். ஏணியில் ஏறிக் கரண்டியின் பிடியால் மச்சைத் தட்டிப் பார்த்தவர், பூச்சு வெடிப்பை மறைக்குமே தவிரக் கூரையைத் தாங்காது என்று சொல்லி, வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். பழைய வகுப்பறைகள் இரண்டும் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையிட்ட கட்டைக்குத்துத் தளம் கொண்டவை. சில ஆண்டுகளுக்கு முன் ஒழுகியபோது அதன்மேல் சிமெண்டு பூசச் சொன்னவள் நான்தான். உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் புதைந்திருந்த கட்டை முனைகளை இற்றுப்போகச் செய்ததையும், மீதியைக் கரையான் தின்றதையும் அவர் காட்டியபோது எனக்குப் பேச்சே எழவில்லை.

மறுநாளே வந்து பார்த்த ஒன்றியப் பொறியாளர், மூன்று அறைகளையும் உடனே பூட்டச் சொன்னார். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்ததை மறந்துவிடாத பெற்றோர், பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றாமல் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அமர்ந்து வழி தேடியதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்தக் கூட்டத்தில்தான், பெரிய வீட்டு ஆச்சி தம் வீட்டு முகப்பையும் பட்டாலை என்னும் கூடத்தையும் வகுப்பு நடத்தத் திறந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஐந்து மாதங்கள் எங்கள் 43 பிள்ளைகள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அமர்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள். காலை உணவையும் சத்துணவையும் பள்ளியிலிருந்து அங்கே நாள்தோறும் சுமந்து வந்த சமையல் பணியாளர்களின் உழைப்பை எந்தக் கணக்கிலும் எழுத முடியவில்லை.

எழுத முடிந்த கணக்கு வேறு. நமக்கு நாமே திட்டத்தின்படி மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை நாம் செலுத்தினால் மீதியை அரசு தரும் என்பதால், அந்தப் பங்கைத் திரட்டுவதே எங்கள் முன் நின்ற பெரிய வேலையாக இருந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் முன்னாள் மாணவர்கள் அனுப்பியது பெரும்பகுதி. நூறு நாள் வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் ஐம்பதும் நூறுமாகக் கொண்டுவந்து கொடுத்தது மற்றொரு பகுதி. இரண்டையும் ஒரே பேரேட்டில் வரவு வைத்து, வாரந்தோறும் பள்ளி வாசலில் எழுதிப்போட்டு, இறுதியில் ஐந்தொகை என்னும் முடிவுக் கணக்கு எடுத்து ஊர்ப் பொதுவில் வாசித்த ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளைக்கு என் வணக்கம். அரசு நிதியை ஒதுக்கிய மாவட்ட நிர்வாகத்திற்கும் நன்றி.

வேலை நடந்த விதத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. வேலையை மறுத்த அதே கொத்தனார்தான் வந்து நின்றார். பழைய சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்து, இற்றுப்போன கட்டைகளை ஆசாரி மாற்றியபின், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பைக் குழைத்துத் தளமிட்டார்கள். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். அவசரப்படுத்திய என்னை, கொத்தனாருக்கு உதவும் நிமிர்ந்தாள் ஒருவரே அதட்டி அனுப்பினார். மூன்றாவது அறை கான்கிரீட் கட்டடம். அதன் கம்பிகள் துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்திருந்தன. துருப்பிடித்தலையும் ஆராயும் மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவர, அதற்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் பள்ளிக் கம்பிகள் இப்படிக் கிடந்தது எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. தளர்ந்த பகுதிகளைத் தட்டி நீக்கி, கம்பியைத் தேய்த்துத் துருத்தடுப்புப் பூசி, தேவையான இடத்தில் புதுக்கம்பி சேர்த்து மூடியிருக்கிறார்கள்.

ஆச்சி அவர்களிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். முகப்பின் இரண்டாம் தூணில், ஆள் உயரத்திற்குக் கீழே, எங்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் ஆணியால் தன் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைக் கீறி வைத்திருக்கிறான். வரும் சனிக்கிழமை ஆசாரியுடன் வந்து அதை இழைத்துத் தர அனுமதிக்க வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
தலைமையாசிரியை
பள்ளி மேலாண்மைக் குழுவின் சார்பில்