முதலாண்டு உளவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

அறிமுகத் தாளில் மூளையும் நடத்தையும், அறிதல், வளர்ச்சி, சமூக உளவியல், ஆளுமை, உளநலம் எல்லாம் இருக்கின்றன. ஆய்வு முறைகள் மட்டும் கடைசி அலகாக ஒதுங்கிக் கிடக்கின்றன. தேர்வு நெருங்கும் நேரத்தில் அவசரமாக நடத்தி முடிக்கப்படுவதும் அந்த அலகுதான். தயவுசெய்து அதை முதல் அலகாக்குங்கள். ஒரு சோதனையையாவது மாணவர்கள் தங்கள் கையால் செய்து பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

உளவியலாளர் மில்கிராம் 1963இல் வெளியிட்ட கீழ்ப்படிதல் ஆய்வைப் பாருங்கள். இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்படி ஆய்வாளர் கட்டளையிட, 40 பேரில் 26 பேர், அதாவது 65 விழுக்காட்டினர், 450 வோல்ட் வரை போனார்கள் (மின்னதிர்ச்சி போலி, அது அவர்களுக்குத் தெரியாது). இந்த ஓர் எண்ணை மனப்பாடம் செய்தால் முழு மதிப்பெண். ஆனால் அதே ஆய்வு வரிசையில், ‘அதிர்ச்சி’ வாங்குபவரை அதே அறையில் உட்காரவைத்தபோது 40 விழுக்காடு. கட்டளை தொலைபேசியில் வந்தபோது ஏறத்தாழ 20. சூழலை மாற்றினால் எண் இறங்குகிறது என்பதல்லவா பாடமே! முறையைப் படிக்காதவருக்கு இது கண்ணில் படாது.

செய்முறைக்கு ஸ்ட்ரூப் சோதனையைப் பரிந்துரைக்கிறோம். இரண்டு தாள்களும் ஒரு நிறுத்துக் கடிகாரமும் போதும். முதல் தாளில் நான்கு நிறங்களில் 40 கட்டங்கள். இரண்டாவதில் 40 சொற்கள்: ‘சிவப்பு’ என்ற சொல் பச்சை மையில், ‘நீலம்’ மஞ்சள் மையில், இப்படி. சொல்லை வாசிக்கக் கூடாது, மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். மூவர் ஒரு குழு: சொல்பவர், நேரம் பார்ப்பவர், விடைத்தாளை வைத்துப் பிழை குறிப்பவர்.

கோளாறு வரும் இடங்கள் சில. எல்லோரும் கட்டத் தாளிலேயே தொடங்கினால், நேர வித்தியாசத்தில் பழக்கமும் களைப்பும் கலந்துவிடும். பாதிப் பேர் சொல் தாளில் தொடங்கட்டும். தவறாகச் சொன்னால் திருத்திவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகவேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், அவசரப்பட்டுப் பிழை செய்பவர் வேகமானவராகத் தெரிவார். சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாதவர்கள் நேரம் பார்க்கட்டும்.

1935இல் ஸ்ட்ரூப் 100 கட்டங்கள், 100 சொற்கள் வைத்துச் செய்தார். நிறம் சொல்லக் கட்டங்களுக்குச் சராசரி 63 விநாடி, முரண்படும் சொற்களுக்கு 110. அதே சொற்களை வெறுமனே வாசிக்கச் சொன்னபோதோ, கறுப்பு மையில் 41, வேற்று நிற மையில் 43. சொல் நிறம் சொல்வதைத் தடுக்கிறது, நிறமோ வாசிப்பை அவ்வளவாகத் தடுப்பதில்லை. தடை ஏன் ஒரு பக்கம் மட்டும்? இந்தக் கேள்வியோடு மாணவர்களை வகுப்பிலிருந்து அனுப்பினால், வாசிப்பு எப்படித் தானியங்கிச் செயலாகிறது என்ற அடுத்த பாடத்துக்கு அவர்களே வந்து நிற்பார்கள்.

வினாத்தாள் பற்றியும் ஒரு வார்த்தை. ‘எதிர்மறை வலுவூட்டலை வரையறு’ என்று கேட்காதீர்கள். ‘இருக்கைப் பட்டையை மாட்டியதும் காரின் எச்சரிக்கை ஒலி நிற்கிறது, அதனால் மாட்டும் பழக்கம் கூடுகிறது. இது என்ன?’ என்று கேளுங்கள். ‘தண்டனை’ என்று எழுதுபவர் நிறைய இருப்பார்கள். ‘எதிர்மறை’ என்ற சொல்லைக் கெட்டது என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம். இங்கே அதன் பொருள் நீக்குதல் மட்டுமே: தொல்லை தரும் ஒலி நீங்குவதால் பழக்கம் வலுப்படுகிறது.

செய்முறை அறிக்கைக்கு 20 மதிப்பெண் கொடுங்கள். எதிர்பார்த்த முடிவு வராத குழுவுக்கும், என்ன நடந்திருக்கலாம் என்று சரியாக எழுதியிருந்தால், முழு 20.

இப்படிக்கு,
அறிமுகத் தாள் நடத்தும் ஆசிரியர்கள்