சுக்கானைக் கட்டும் முன் பாயைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், தனி ஆளாகப் பாய்மரப் படகு ஓட்டுவது பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பாய் விரித்த தோணிகள் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோன கடலோரத்தில், பாய் என்பதே பழங்கதையாகிவிட்ட காலத்தில், அதைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால் அக்கட்டுரையில், சுக்கான் பிடியிலிருந்து கையை எடுக்க வேண்டுமானால் மின்கலத்தில் இயங்கும் தானியங்கிக் கருவியை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்ற பொருள்பட ஒரு வரி இருக்கிறது. வணிகக் கப்பலில் பணியாற்றி ஓய்வு பெற்ற பின் சிறிய பாய்ப்படகு ஒன்றை வைத்திருப்பவன் என்ற முறையில் அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. பாய்கள் சரியாகப் பிடிக்கப்பட்ட படகுக்குப் பாதி வழி சுக்கானைக் கட்டிவைக்கும் கயிறே போதும். பாய்கள் சரியில்லாத படகை எந்தக் கருவியும் நெடுநேரம் நேராக ஓட்டிவிடாது.

சுக்கான் பிடி ஏன் கையை இழுக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். முன்பாயில் விழும் காற்று, படகின் முன்முனையான அணியத்தைக் காற்றிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. பெரிய பாயில் விழும் காற்றோ பின்புறத்தைத் தள்ளி, அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்புகிறது. பெரிய பாயை அளவுக்கு மீறி இறுக்கினாலோ, காற்று கூடிய பிறகும் பாயைக் குறைக்காமல் படகைச் சாயவிட்டாலோ, படகு ஓயாமல் காற்றுக்குள் முகத்தைத் திருப்பப் பார்க்கும். அதைத் தடுக்க நாம் பிடியைக் காற்று வரும் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க நேரிடும். பெரிய பாயை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் தாமான் கயிற்றைச் சற்றுத் தளர்த்தி, முன்பாயைச் சற்று இறுக்கி, பிடியில் இரண்டு விரல் வைத்தால் போதும் என்ற நிலைக்குப் படகைக் கொண்டுவந்த பிறகே கட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். தனி ஆளாக உலகை முதன்முதலில் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோகம், 1897இல் ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் கோகோஸ் தீவுகள் வரையிலான 2,700 மைல் தொலைவை 23 நாட்களில் கடந்தபோது, சுக்கானருகே நின்றது மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை என்று எழுதியிருக்கிறார். அது நமது இந்தியப் பெருங்கடலில் நடந்தது. அவருடைய 'ஸ்ப்ரே' படகில் இருந்தது சக்கரமும் அதைக் கட்டிய கயிறும்தான். அதன் நீண்ட அடிக்கட்டை திசை மாறாமல் ஓடுவதற்கு உதவியது என்பதையும் சொல்ல வேண்டும். அடியில் குறுகிய தகடு மட்டும் உள்ள இக்காலப் படகுகள் அந்தப் பொறுமையைக் காட்டுவதில்லை.

கட்டுவதில் எளிய முறை இதுதான். படகின் இடப்புற ஓரத்திலிருந்து வலப்புற ஓரத்துக்கு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, நடுவில் அதைச் சுக்கான் பிடியின் மேல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். கயிற்றின் இறுக்கமும் சுற்றின் உராய்வும் பிடியை நிறுத்தும். ஆனாலும் அவசரத்தில் கையால் அழுத்தித் தள்ளினால் நகரும். கயிற்றின் ஒரு முனையில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிய வாரைச் சேர்த்துக்கொண்டால் அலை அடிக்கும்போது பிடி சற்றே அசைந்து பழைய இடத்துக்கே திரும்பும். கடைகளில் நல்ல விலைக்கு விற்கும் திருகு வைத்த பிடிப்பான்களும் இதே வேலையைத்தான் இன்னும் கொஞ்சம் அழகாகச் செய்கின்றன. பாயை இறக்கவும், தேநீர் ஊற்றிக் குடிக்கவும், வரைபடத்தைப் பார்க்கவும் இது போதும். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில், நிலத்தைத் தாண்டிக் குத்துக்குத்தாக வந்து விழும் அந்த வேகத்தில், அசையாமல் கட்டிய சுக்கான் பயன்படாது. ஒவ்வொரு குத்துக்கும் படகு சாய்ந்து காற்றுக்குள் திரும்பும்போது அதைத் தடுக்கச் சுக்கானும் அசைந்தாக வேண்டும்.

அந்த அசைவைக் காற்றிடமிருந்தே வாங்குவதுதான் தாமான் கயிற்றைக் கொண்டு சுக்கானைச் செலுத்தும் முறை. தங்கள் கட்டுரை இதை ஒரு சிறு படத்தோடு தொட்டுச் சென்றிருக்கிறது. ஆனால் படத்தில் தாமான் கயிறும் ரப்பர் வாரும் பிடியின் ஒரே பக்கத்தில் காட்டப்பட்டுள்ளன. அப்படிக் கட்டினால் படகு வட்டமடிக்கும் என்பதால் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். தாமானிலிருந்து ஒரு கிளைக் கயிற்றை எடுத்து, காற்று வரும் பக்கத்து ஓரத்தில் உள்ள கப்பி வழியாகக் கொண்டுவந்து பிடியில் கட்ட வேண்டும். அதற்கு எதிர்ப்பக்கத்தில், அதாவது காற்று போகும் பக்கத்தில், ரப்பரைக் கட்ட வேண்டும். காற்று வலுத்தால் பாய் தாமானை இழுக்கும். தாமான் பிடியைக் காற்றுப் பக்கம் இழுக்கும். படகு காற்றிலிருந்து விலகும். காற்று தளர்ந்தால் ரப்பர் பிடியைத் தன் பக்கம் இழுத்து, படகை மீண்டும் காற்றை நோக்கிக் கொண்டுவரும். நீளமாக இழுபட்டும் விசை அதிகம் மாறாத ரப்பரே இதற்கு ஏற்றது. மருத்துவமனைகளில் பயன்படும் மென்மையான ரப்பர் குழாய் டியூப் வாரைவிட நன்றாக வேலை செய்கிறது. எத்தனை இழை என்பதைக் கடலில் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். கப்பி துருப்பிடித்து உருளாமல் இருந்தால் எல்லாம் வீண்.

அடுத்தது காற்றுத் தகடு. பணகுடி, வடக்கன்குளம் பக்கம் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது: ஆலையின் தலைமேல் உள்ள சிறு தகடு காற்றின் திசையை அறிந்து சொல்ல, மோட்டார் ஆலையின் முகத்தைத் திருப்புகிறது. படகிலோ மோட்டார் கிடையாது. பின்புறத்தில் நிற்கும் மெல்லிய தகட்டின் விளிம்பைக் காற்றுக்கு நேராக வைத்துவிட்டால், படகு வழி மாறும்போது காற்று தகட்டின் பக்கவாட்டில் மோதி அதைச் சாய்க்கும். அந்தச் சாய்வு நீருக்குள் தொங்கும் துடுப்பைச் சற்றுத் திருப்பும். ஓடும் நீர் அத்துடுப்பைப் பக்கவாட்டில் வலுவாகத் தள்ள, அதிலிருந்து வரும் கயிறுகள் சுக்கான் பிடியை இழுக்கும். படகின் வேகம் கூடக் கூட இழுக்கும் வலுவும் கூடும். 1960இல் அட்லாண்டிக்கைத் தனி ஆளாகக் கடக்கும் முதல் போட்டியில் பிரான்சிஸ் சிசெஸ்டரும் பிளாண்டி ஹாஸ்லரும் தாங்களே வடிவமைத்த காற்றுத் தகடுகளோடு சென்று முதல் இரண்டு இடங்களைப் பிடித்தபின்தான் இம்முறை பரவியது. எங்கும் நிற்காமல் உலகைத் தனியே சுற்றிய முதல் மனிதரான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுஹைலி', பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. அதன் தகட்டுக் கருவி ஆஸ்திரேலியாப் பக்கம் உடைந்துபோன பிறகும், பாய்களின் சமநிலையை நம்பியே மீதி வழியை ஓட்டி 1969 ஏப்ரல் 22 அன்று அவர் கரை சேர்ந்தார். அந்தப் பயணத்தால் அவர் வென்ற போட்டியின் பெயரில் இப்போது நடக்கும் கோல்டன் குளோப் பந்தயத்தில் மின்னணுத் தானியங்கிக்கு அனுமதியே இல்லை; அதில்தான் 2023இல் நம் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்தார்.

மின்கருவியை நான் வெறுக்கவில்லை. காற்றே இல்லாமல் இயந்திரத்தில் போகும்போது திசைகாட்டியைப் பார்த்து நேராக ஓட்ட அதற்கு இணை இல்லை. ஆனால் பின்னாலிருந்து அலை தூக்கும் வேளையில் அது ஓயாமல் முன்னும் பின்னும் தள்ளி மின்கலத்தைத் தின்னும். உப்பு நீர் உள்ளே இறங்கினால் அத்தோடு முடிந்தது. காற்றின் திசை மாறினாலும் அது பழைய திசையிலேயே ஓட்டும் என்பதால், பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அடித்துப் புரளும் ஆபத்தும் உண்டு.

ஓட்டுபவரின் உடல் எடையாலேயே நிமிர்ந்து நிற்கும் லேசர் போன்ற சிறு பந்தயப் படகுகளுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது.

கட்டுரையில் இடம் பெறாத ஒன்றைக் கூறியாக வேண்டும். மணிக்கு ஐந்து நாட்டிகல் மைல் வேகத்தில் போகும் படகு ஒரு நிமிடத்தில் 150 மீட்டருக்கு மேல் போய்விடும். தானாக ஓடும் படகிலிருந்து தவறி விழுந்தவர், எவ்வளவு நல்ல நீச்சல்காரராயினும், அதைப் பிடிக்க முடியாது. முறை சிறப்பாக வேலை செய்யச் செய்ய ஆபத்து கூடுகிறது. ஆகவே சுக்கானைக் கட்டுமுன் மார்புவாரை மாட்டிப் படகோடு தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். கை விடுபட்டாலும் கண் விடுபடக் கூடாது. மோதல் தடுப்புக்கான 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளில் ஐந்தாவது விதி, எல்லா வேளையிலும் கண்ணாலும் காதாலும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது. இதில் சிறு படகுக்கு விலக்கு இல்லை. கூட்டப்புளி முதல் கூடுதாழை வரை இரவில் வலை மிதக்கும் நீரில் கட்டிய சுக்கானோடு போவது, நம் மீனவர்களின் வலையையும் அறுத்து நம் சுக்கானையும் சிக்கவைக்கும் வேலை.

பாய் இல்லாத ஃபைபர் படகுகளிலும் வலை இழுக்கும்போது வெளிப்பொருத்து இயந்திரத்தின் கைப்பிடியைக் கயிற்றால் கட்டிவிடும் பழக்கம் உண்டு என்பதால் அப்படகுகளை ஓட்டுபவர்களுக்கும் ஒரு சொல். பாய்ப்படகாவது காற்றுக்குள் திரும்பி நின்றுவிடக்கூடும். கயிறு நழுவிய இயந்திரம் படகை வட்டமாகச் சுழற்றி, நீரில் விழுந்தவர் மேலேயே விசிறியைக் கொண்டுவரும். இயந்திரத்தை அணைக்கும் சுருள் கயிறு ஒன்று அதனுடனேயே வருகிறது. பல படகுகளில் அது பெட்டியில் கிடக்கிறது. அதை மணிக்கட்டில் மாட்டாமல் கைப்பிடியைக் கட்டக் கூடாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவரி, திருநெல்வேலி மாவட்டம்.