நான் வாசித்த ஜெராக்ஸ் தாள்

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய நாலு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களையும் கேட்டு முடித்தேன். அம்மா மூன்றாவதில் தூங்கிவிட்டாள். அது உன் குற்றமில்லை, இரவு மாத்திரையின் வேலை. குரல் நன்றாக இருக்கிறது, இழுக்காமல் பேசுகிறாய். ஆனால் கடைசிப் பிரசங்கத்தில் நீ வேதத்தைத் திறந்தபோது 17 நிமிடம் ஓடியிருந்தது. அதுவரை தேர்தல், ஒரு புதுப் படம், எங்கோ ரத்தச் சிவப்பாக மாறிய ஆறு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டா கேட்டீர்கள் என்பாய். ஆமாம், பார்த்துக்கொண்டுதான்.

"செய்தியைத் தொடாமல் இன்றைக்கு ஊழியம் செய்ய முடியுமா அப்பா? ஒரு கையில் வேதம், மறு கையில் செய்தித்தாள் என்று சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் (Karl Barth) என்பவரே சொல்லியிருக்கிறாரே" என்று போனில் கேட்டாய். அவர் சொன்னதில் பின்பாதியை விட்டுவிட்டாய் தம்பி. இரண்டையும் படியுங்கள், ஆனால் வேதத்தைக் கொண்டு செய்தித்தாளுக்கு அர்த்தம் சொல்லுங்கள் என்பதுதான் முழுப் பேச்சு. உன்னிடம் செய்தி முதலில் முடிவாகிவிடுகிறது, வசனம் பிறகு வந்து கையெழுத்துப் போடுகிறது.

லூக்கா 13-ஐ எடுத்து வாசி. அன்றைய சூடான செய்தியோடு சிலர் இயேசுவிடம் வருகிறார்கள். பலி செலுத்தப்போன கலிலேயரை ரோம ஆளுநன் பிலாத்து கொன்றுபோட்டான். கேட்டுக்கொண்டிருப்பவரும் கலிலேயாக்காரர். பிலாத்துவை ஒரு பிடி பிடிக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அவரோ தாமாகவே இன்னொரு செய்தியையும் எடுக்கிறார்: சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தது. பார், அவருக்குச் செய்தி தெரியும், எத்தனை பேர் என்பதுகூடத் தெரியும். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்று எதிரே நிற்கிறவர்களிடம் முடிக்கிறார். உன் பிரசங்கத்தில் விரல் எப்போதும் ஜன்னலுக்கு வெளியே நீண்டிருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்பது அந்த ஆமென் சத்தத்திலேயே தெரிகிறது.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்கிறீர்களா என்று கோபப்படாதே. ஹிட்லர் ஆட்சி சபையை வளைக்கப் பார்த்தபோது, 1934 மே மாதம் ஜெர்மனியில் பார்மன் நகரில் கூடி அறிக்கை வெளியிட்ட சபையார் பேசத்தான் செய்தார்கள். அதை எழுதியதில் பெரும்பங்கு நீ சொல்லும் அதே பார்த்துக்குத்தான். சபை கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்து என்று அது சொன்னது. ஹிட்லர் பெயர் அதில் கிடையாது, ஆனாலும் யாருக்குச் சொன்னது என்று எல்லோருக்கும் புரிந்தது. யூதர்களுக்கு நடந்ததைப் பற்றியோ அதில் ஒரு வரி இல்லை. அந்த மௌனம் தன் குற்றம் என்று பார்த் கிழவயதில் எழுதினார். ஆகவே பேசாமல் இருப்பதும் பாவமாகலாம், எனக்கும் தெரியும். அடிபடுகிறவனுக்காகப் பேசு. ஒரு கட்சிக்காரன் வீட்டுக்குப் போய்ச் சந்தோஷப்படுகிற மாதிரி மட்டும் பேசாதே. ஆட்சியாளர்களுக்கு வரி வசூலித்த மத்தேயுவும், அந்த ஆட்சியை எதிர்த்தவர்களின் பெயரான செலோத்தே என்று பட்டப்பெயர் வாங்கிய சீமோனும் ஒரே பந்தியில்தான் உட்கார்ந்தார்கள். இரண்டு குடும்பம் வராமல் நின்றுவிட்டது, புதிதாக ஐந்து குடும்பம் வந்திருக்கிறது என்று கணக்குச் சொன்னாய். நின்றுபோன இரண்டு வீட்டுக்கும் போனாயா?

சினிமாவைப் பற்றி ஒரே ஒரு கேள்வி: அந்தப் படத்தை நீ பார்த்தாயா? பவுல் அத்தேனே பட்டணத்தில் பேசுமுன் தெருத்தெருவாகச் சுற்றிப் பார்த்தார், அவர்கள் புலவர் வரியையே எடுத்துச் சொன்னார். அவ்வளவுதான்.

இனி என் கதை. இதை உன்னிடம் சொன்னதில்லை, நீ அப்போது சின்னப் பிள்ளை. 1990-களின் தொடக்கம். யாரோ ஒருவர் கையில் கொடுத்த ஜெராக்ஸ் தாள், பிரதியின் பிரதி எடுத்து எழுத்து மங்கியது. சைபீரியாவில் பூமியை 14 கிலோமீட்டருக்கு மேல் துளைத்தார்களாம், உள்ளே மைக்கை இறக்கினால் கோடிக்கணக்கான ஆத்துமாக்கள் நரகத்தில் அலறும் சத்தம் கேட்டதாம். விசாரிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்த ஞாயிறு மேடையில் நின்று வாசித்தேன். அழுகையும் ஜெபமுமாக ஆராதனை முடிந்தது. அத்தனை சூட்டில் மைக் எப்படி ஐயா உருகாமல் இருந்தது என்று கல்லூரிப் பையன் ஒருவன் கேட்டான். விசுவாசம் வேண்டும் தம்பி என்று அவன் வாயை அடைத்தேன்.

உண்மை என்னவென்றால், சோவியத் நாட்டில் கோலா தீபகற்பத்தில் ஓர் ஆழ்துளை போட்டார்கள், 12,262 மீட்டர் வரை போனது. அடியில் 180 டிகிரி வெப்பம், பாறை இளகியது, மேலே துளைக்க முடியவில்லை. அலறல் எதுவும் இல்லை. அலறல் கதை ஒரு கிறிஸ்தவத் தொலைக்காட்சி வழியாகவே உலகம் சுற்றியது. நார்வே நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவர், இந்தத் தொலைக்காட்சிக்காரர்கள் எதையெல்லாம் நம்புவார்கள் பார்ப்போம் என்று, கட்டட ஆய்வாளர் ஒருவரைப் பற்றிய சாதாரணப் பத்திரிகைத் துண்டை இந்தக் கதையின் ஆதாரம் என்று மொழிபெயர்த்து அனுப்பினார். அதையும் நம்பிப் பரப்பினார்கள்.

சபையில் ஒரு பாட்டி இருந்தார். சபைக்கு வராத அவர் கணவர் ஒரு மாதம் முன்புதான் இறந்திருந்தார். ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின் என் அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சத்தத்துல அவர் சத்தமும் இருந்திருக்குமா ஐயா?" என்று கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. நல்ல பதிலாக இருந்திருக்காது.

கதை பொய் என்று தெரிய எனக்குப் பல வருஷம் ஆனது. அவர் வீட்டுக்குப் போனேன். அதற்குள் காது மந்தம். "நான் வாசித்தது பொய் பாட்டி" என்று மூன்று தரம் கத்திச் சொன்னேன், பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். புரிந்ததும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப மத்ததெல்லாம்?"

இருபது வருஷமாக அவருக்கு நான் சொன்னதெல்லாம் அந்த 'மத்ததெல்லாம்'. அன்றைக்கு அவரோடு உட்கார்ந்து சிலுவையிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

அந்தச் சிவப்பு ஆறு எந்த நாட்டில், எந்த வருஷம், யார் எடுத்த படம்? பாசி படர்ந்தாலும் ஆறு சிவக்கும், சாயக் கழிவு கலந்தாலும் சிவக்கும். வருகிற ஞாயிறுக்கு முன் விசாரித்து எனக்கு எழுது. பிசகு என்றால் அதே மேடையில், அறிவிப்புகளுக்கு நடுவே ஒளிக்காமல், சொல்லிவிடு.

அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள்.

அப்பா