நல்லூர் இராசதானிக்குப் பொறுப்பானவர்களுக்கு வன்னியிலிருந்து ஒரு மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

நல்லூரில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்கவில்லை. பழைய யாழ்ப்பாண அரசின் நினைவிடங்களான சங்கிலியன் தோப்பு, மந்திரிமனை, யமுனா ஏரி பார்க்க வரும் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் ஒரு மலசலகூடம் வேண்டும், தண்ணீரோடு.

போன மாதம் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து தரம் 5 பிள்ளைகளைக் கூட்டிவந்தோம். விடியமுன் வெளிக்கிட்ட பஸ். பரந்தன், ஆனையிறவு தாண்டி நல்லூர் முத்திரைச் சந்தியில் இறங்கும்போதே பெண்பிள்ளைகள் என் சேலையைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். விசாரித்தோம். கைகாட்டிய இடத்தில் பூட்டுத் தொங்கியது. கடைசியில் ஒரு வீட்டுப் படலையைத் தட்டி, "அக்கா, பிள்ளையளை ஒருக்கா உள்ள விடுவீங்களோ?" என்று கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. மோட்டரைப் போட்டு வாளியை நிரப்பி வைத்தார். ஆனால் ஒருத்தி, தெரியாத வீட்டுக்குள் போக வெட்கப்பட்டு, படலையடியிலேயே நின்று அழுதாள். சங்கிலியன் தோப்பின் தோரண வாயிலை அவள் பார்க்கவேயில்லை. பஸ்ஸுக்குள் சுருண்டு கிடந்தாள். 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த அரசின் கதையை மற்றவர்களுக்கு நான் அவசர அவசரமாகச் சொல்லி முடித்தேன். 'ப' வடிவ ஏரியைச் சுற்றிவர நேரமே இருக்கவில்லை.

இவ்வளவு தூரம் ஏன் வருகிறீர்கள் என்று கேட்கலாம். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் 1803இல் ஆங்கிலேயரிடமிருந்து தாக்கிப் பிடித்த முல்லைத்தீவுக் கோட்டையில் பிள்ளைகளுக்குக் காட்டப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. கற்சிலைமடுவில் இருப்பது அவன் தோற்றதைச் சொல்லும் கல். தமிழரசு இருந்த இடம் இது என்று கைநீட்டிக் காட்ட நாங்கள் நல்லூருக்குத்தான் வரவேண்டும்.

சங்கிலிய மன்னன் சிலைக்கு மாலை போட வருகிற பெரியவர்களுக்குப் பந்தல், கதிரை, குளிர்சோடா எல்லாம் எப்படியோ வந்துசேர்கின்றன. மன்னன் ஒன்றும் கேட்கமாட்டான், அது வசதி. பிள்ளைகள் கேட்பார்கள், அவர்களுக்கு வாக்குத்தான் இல்லை.

சரி, இது உங்களுக்கான பேச்சல்ல. உங்களிடம் தயவாகக் கேட்பது அந்த ஒன்றைத்தான். புதிதாகக் கட்ட நிதி இல்லையென்றால், இருப்பதைத் திறந்துவிடுங்கள். திறப்பு யாரிடம் என்பதை ஒரு தொலைபேசி இலக்கத்தோடு வாசலில் எழுதிப்போட்டாலும் போதும். அடுத்த தவணை தொடங்கமுன் செய்து தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஓர் ஆசிரியை