ஒழுக்கத்தை மட்டும் காரணம் காட்டும் ஒப்பீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிரிட்டனில் குடியேறிய ஆசிய மக்கள் கல்வியிலும் வருமானத்திலும் முன்னேறிவிட்டார்கள் என்றும், ஐரிஷ், ஸ்காட்டிஷ், வெல்ஷ் ஆகிய கெல்டிக் மக்கள் அதே மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் பின்தங்கிவிட்டார்கள் என்றும், இதற்கெல்லாம் காரணம் ஒரு தரப்பின் குடும்ப ஒழுக்கமும் மறு தரப்பின் குடிப்பழக்கமும்தான் என்றும் வாதிட்டு, தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நான் 1987 முதல் 2015 வரை கிழக்கு லண்டனில் ஓர் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பித்தவள். அந்தக் கட்டுரை மெச்சுகிற வீட்டுப் பிள்ளைகளும் அது குறை சொல்கிற வீட்டுப் பிள்ளைகளும் என் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள். அதன் முடிவு தவறு என்று உறுதியாக நம்புகிறேன். புகழ்ச்சி நம்மவரைப் பற்றியதாக இருப்பதால் வாசகர்கள் அதைச் சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டுவிடுவார்களோ என்ற கவலையே இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

முதலில் ஊதியக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2019ஆம் ஆண்டுக்காக வெளியிட்ட கணக்கின்படி, மணிநேர ஊதியத்தில் எல்லோருக்கும் மேலே இருந்தவர்கள் ஐரிஷ் வெள்ளையர்கள். அவர்களுடைய இடைநிலை ஊதியம், அதாவது ஊதிய வரிசையின் நடுவில் நிற்பவர் பெறுவது, சுமார் 17.5 பவுண்டு. அடுத்து சீனர்கள் சுமார் 15.4 பவுண்டு, இந்தியர்கள் சுமார் 14.4 பவுண்டு, பிரிட்டிஷ் வெள்ளையர்கள் சுமார் 12.5 பவுண்டு. பாகிஸ்தானியரும் வங்கதேசத்தவரும் 10.5 பவுண்டை ஒட்டிக் கீழே இருந்தார்கள். அதாவது, பட்டியலின் உச்சியில் நிற்பது ஒரு கெல்டிக் சமூகம். அடியில் நிற்பவை இரண்டு ஆசியச் சமூகங்கள். கட்டுரையாளர் சொன்ன காரணம் உண்மையென்றால் இந்தப் பட்டியல் இப்படி அமைந்திருக்க முடியாது.

இதை வைத்து ஐரிஷ்காரர்களே உயர்ந்தவர்கள் என்று நான் வாதிடவில்லை. அந்தப் பட்டியலில் ஐரிஷ் என்று பதிவானவர்களில் பலர் பட்டம் பெற்று, நல்ல சம்பளம் கிடைக்கும் லண்டனுக்கு வேலை தேடி வந்தவர்கள். அயர்லாந்தில் 1967இல் இடைநிலைக் கல்வி இலவசமாக்கப்பட்டது. அந்தப் பள்ளிகளில் படித்த தலைமுறை, 1980களில் சொந்த நாட்டில் வேலையின்மை 17 சதவீதத்தைத் தொட்டபோது, கையில் சான்றிதழுடன் கப்பலேறியது. அவர்களுக்கு முப்பது ஆண்டு முன்பு, 1950களில், சுமார் 4 லட்சம் பேர் அயர்லாந்தைவிட்டு வெளியேறினார்கள். அவர்களுடைய கதையே வேறு. பிரிட்டனின் நெடுஞ்சாலைகளையும் சுரங்கப்பாதைகளையும் மின்நிலையங்களையும் கட்டிய அந்த ஆண்களில் பலர் அன்றாடம் அதிகாலையில் தெருமுனையில் நின்று, மேஸ்திரி கைகாட்டி அழைத்தால் வேனில் ஏறிப்போன தினக்கூலிகள். கூலி ரொக்கமாகக் கைக்கு வந்தது. தேசியக் காப்பீட்டுக்கு யாரும் பணம் கட்டவில்லை. ஆகவே முதுமையில் ஓய்வூதியமும் குறைந்தது. பல இடங்களில் கூலி பட்டுவாடா செய்யப்பட்டதே மதுக்கடையில்தான். குடிக்காமல் அங்கிருந்து எழுந்து போகிறவனுக்கு அடுத்த நாள் வேலை கிடைக்குமா என்பது மேஸ்திரியின் தயவைப் பொறுத்தது. அவர்களுடைய குடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1974இல் ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. நடத்தியதாகக் கருதப்படும் பர்மிங்காம் குண்டுவெடிப்புக்குப் பிறகு பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தது. குற்றமற்ற ஐரிஷ்காரர் ஆறு பேர் 1975இல் ஆயுள் தண்டனை பெற்று 1991 வரை சிறையில் கிடந்தார்கள். என்னுடன் பணியாற்றிய மூத்த ஐரிஷ் ஆசிரியை ஒருவர், அந்த ஆண்டுகளில் தன் தாயார் உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சி, கடையில் வாய் திறக்காமல் விரலால் சுட்டிக்காட்டியே பொருள் வாங்குவார் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் பற்றிய கேள்வி முதன்முதலாக 1991இல் கேட்கப்பட்டபோது இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் என்று தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. ஐரிஷுக்குக் கட்டம் இல்லை. 2001இல்தான் அது சேர்க்கப்பட்டது. தோலின் நிறம் ஒன்றாக இருந்ததால் அவர்களுடைய துன்பம் எண்ணிக்கையில் ஏறவே இல்லை.

ஒரு மக்கள் கூட்டத்தின் வறுமைக்கு அவர்களுடைய குணமே காரணம் என்ற வாதம் புதியதல்ல என்பதையும், அதை நம் முன்னோர் தங்கள் மண்ணிலேயே பார்த்தார்கள் என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பெரும் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். ஏறத்தாழ அதே அளவினர் நாட்டைவிட்டு ஓடினார்கள். அப்போது லண்டன் கருவூலத்தில் இருந்தபடி நிவாரணத்தை மேற்பார்வையிட்டவர் சார்லஸ் டிரெவெல்யன். பசியைவிட ஐரிஷ் மக்களின் குணக்கேடே பெரிய தீமை என்று கருதியவர் அவர்; உதவி அதிகமானால் அவர்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்ற எண்ணம் அன்றைய நிவாரணக் கொள்கையில் ஊறியிருந்தது. அதே டிரெவெல்யன்தான் 1859இல் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்தார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் பஞ்சத்தில் வீழ்ந்தபோது அவர் இங்கே இல்லை. ஆனால் அவர் வெளிப்படுத்திய அந்த மனப்போக்கு இங்கே இருந்தது, நிவாரண முகாம்களில் கூலியையும் தானியத்தையும் குறைப்பதற்கு அது துணை நின்றது. அந்தப் பஞ்சத்திலிருந்து தப்பி இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்களின் வாரிசுகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாம், ஐரிஷ்காரரைப் பார்த்துக் குணம்தான் காரணம் என்று சொல்வது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

இனி ஆசியர் என்ற சொல்லுக்கு வருகிறேன். பிரிட்டனில் அந்தச் சொல் பெரும்பாலும் தெற்காசியரையே குறிக்கிறது. அவர்கள் ஒரே வாசல் வழியாக வந்தவர்கள் அல்லர். 1962ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வந்த இந்திய மருத்துவர்கள், நாட்டின் சுகாதாரச் சேவை கேட்டு வாங்கிக்கொண்ட படித்தவர்கள். 1972இல் இடி அமீன் விரட்டியடித்தபோது உகாண்டாவிலிருந்து வந்து சேர்ந்த சுமார் 28,000 பேர், சொத்தை இழந்திருந்தாலும் ஆங்கிலத்தையும் வணிகப் பழக்கத்தையும் இழக்காதவர்கள். தங்கள் ஊருக்கு வர வேண்டாம் என்று லெஸ்டர் நகராட்சி உகாண்டா நாளிதழிலேயே விளம்பரம் கொடுத்தும், அங்கேயே போய்க் கடை திறந்தவர்கள் அவர்களில் பலர். இவர்களுக்கு எதிர்ப்புறத்தில், பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மீர்பூரிலிருந்து வந்தவர்களை வைத்துப் பாருங்கள். 1960களில் அங்கே மங்களா அணை கட்டப்பட்டபோது 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிலம் இழந்தார்கள். அவர்களில் பலர் வட இங்கிலாந்தின் பிராட்ஃபர்ட் போன்ற ஊர்களின் நூற்பாலைகளில், உள்ளூர்க்காரர்கள் மறுத்த இரவு ஷிப்டுக்குப் போனார்கள். இருபது ஆண்டுகளுக்குள் ஆலைகள் மூடப்பட்டன. வேலைக்காகவே வந்த ஊரில் வேலையும் போனது, வாங்கிய வீட்டின் மதிப்பும் போனது. ஒரே மதத்தைச் சேர்ந்த, ஒரே வகைக் குடும்ப அமைப்பைக் கொண்ட மக்கள்கூட, ஆலை மூடிய ஊரில் இருந்தால் ஒரு நிலையையும் லண்டனில் இருந்தால் வேறொரு நிலையையும் அடைந்தார்கள்.

என் சொந்த அனுபவம் வங்கதேசப் பிள்ளைகளைப் பற்றியது. நான் பணியில் சேர்ந்தபோது வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து தாயும் பிள்ளைகளும் அப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர், தந்தைக்குத் துணி தைக்கும் கூடத்திலோ உணவகத்திலோ வேலை, பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாது. அவர்கள் குடியிருந்த, கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரம் 1990களின் பிற்பகுதியில் நாட்டின் கல்வித் தரவரிசையில் கடைசி இடத்தில் இருந்தது. நான் ஓய்வுபெறும்போது வங்கதேச மாணவர்கள் பதினாறு வயதுத் தேர்வில் பிரிட்டிஷ் வெள்ளை மாணவர்களின் சராசரியைத் தாண்டியிருந்தார்கள். இந்த இடைக்காலத்தில் அந்தக் குடும்பங்களின் ஒழுக்கமோ மதமோ மாறவில்லை. 1987இலும் அந்தத் தாய்மார்கள் பிள்ளையின் படிப்புக்காக ஏங்கியவர்கள்தான். மாறியவை வேறு. அந்தப் பள்ளிகளுக்கு ஒரு மாணவருக்கு இவ்வளவு என்ற கணக்கில் நாட்டிலேயே மிக அதிகமாகப் பணம் வந்தது. தாய்மொழி தெரிந்த உதவியாசிரியர்கள் வகுப்புக்குள் வந்தார்கள். 2003இல் லண்டன் பள்ளிகளுக்கென்று தனித் திட்டம் வந்தது. 2004 முதல் ஏழை மாணவர்கள் பதினாறு வயதுக்குப் பிறகும் படிக்க வாரம் 30 பவுண்டு வரை உதவித்தொகை கிடைத்தது. அந்த முப்பது பவுண்டு இல்லையென்றால் உணவக அடுக்களைக்குப் போயிருக்கக்கூடிய சில பையன்களின் முகங்கள் இப்போதும் என் கண்முன் வருகின்றன. இங்கிலாந்தில் அந்த உதவித்தொகை பிறகு நிறுத்தப்பட்டது.

அப்படிப் படித்து முன்னேறிய பிள்ளைகளுக்கு ஊதியம் மட்டும் ஏன் உயரவில்லை? 2009இல் ஓர் அரசுத் துறைக்காக நடத்தப்பட்ட சோதனையில், தகுதி ஒன்றேயான விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. வெள்ளையர் பெயர் என்றால் 9 விண்ணப்பத்துக்கு ஒரு சாதகமான பதில் வந்தது. சிறுபான்மையினர் பெயர் என்றால் 16 அனுப்ப வேண்டியிருந்தது.

கட்டுரையாளர் வேல்ஸ் பள்ளத்தாக்குகளின் வறுமையைக் குறிப்பிட்டது சரியே. ஆனால் அவர் ஒப்பிட்டது, வேலை தேடிக் கடல் கடந்தவர்களையும் சொந்த ஊரைவிட்டு நகராதவர்களையும். துணிந்து புறப்பட்டவர்களின் பிள்ளைகளையும், நிலக்கரிச் சுரங்கம் மூடிய பிறகும் தாத்தா கட்டிய வீட்டிலேயே இருந்தவர்களின் பிள்ளைகளையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. நம் ஊரில் பஞ்சாலை மூடிய பிறகு அந்தத் தெருக்கள் என்ன ஆயின என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 செப்டம்பர் 30 அன்று வேல்ஸின் போர்ட் டால்பட் எஃகு ஆலையில் கடைசி ஊது உலை அணைந்தது. அந்த ஆலை டாடா நிறுவனத்துடையது. அந்த மறுசீரமைப்பில் சுமார் 2,800 வேலைகள் போகும் என்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆசிய முதலீடும் கெல்டிக் தொழிலாளியும் ஒரே உலையைச் சுற்றி நிற்கும் காலம் இது.

பண்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உடல்நலத்தில் அது தெளிவாகவே தெரிகிறது. ஸ்காட்லாந்தில் வாழும் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் வெள்ளை ஸ்காட்லாந்தியரைவிடச் சில ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள் என்று இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளைப் பற்றிய ஆய்வு காட்டியது. குடியும் புகையும் குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் நீரிழிவும் இதய நோயும் தெற்காசியரிடம் அதிகம். ஸ்காட்லாந்து அரசும் குடியை மக்களின் குணம் என்று விட்டுவிடவில்லை. மதுவுக்குக் குறைந்தபட்ச விலை விதிக்கும் சட்டத்தை 2012இல் இயற்றி, 2018இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

கட்டுரையில் இடம்பெறாத ஒரு கெல்டிக் சமூகமும் உண்டு: ஐரிஷ் டிராவலர்கள், அதாவது வண்டி வீடுகளில் வாழ்ந்து ஊர் ஊராகச் செல்லும் மரபுள்ள மக்கள். அயர்லாந்தில் 2010இல் வெளியான ஆய்வின்படி அவர்களில் ஆண்களின் சராசரி ஆயுள் மற்ற ஆண்களைவிட 15 ஆண்டு குறைவு. இங்கிலாந்தில் உள்ளாட்சிகள் அவர்களுக்குத் தங்குமிடம் ஒதுக்க வேண்டும் என்று 1968இல் விதித்த சட்டக் கடமை 1994இல் நீக்கப்பட்டது. என் வகுப்பில் ஒரு டிராவலர் சிறுமி இருந்தாள். மனக்கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. சாலையோரம் நின்ற வண்டிகளை ஒரு காலையில் அப்புறப்படுத்தினார்கள். அதன் பிறகு அவள் வரவில்லை. அவள் எந்தப் பள்ளியில் சேர்ந்தாள், சேர்ந்தாளா என்று விசாரித்தும் எனக்குத் தெரியவரவில்லை.

கடைசியாக நம்மைப் பற்றி. 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 1 லட்சம் பேர் தமிழைத் தங்கள் முதன்மை மொழியாகக் குறிப்பிட்டார்கள். இனக் கட்டங்களில் தமிழருக்குத் தனியிடம் இல்லை. தமிழ்நாட்டுத் தமிழர் இந்தியர் ஆகிறார்கள், ஈழத்தமிழரில் பெரும்பாலோர் பிற ஆசியர் ஆகிறார்கள். 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியான பிறகு மருத்துவராகவும் பொறியாளராகவும் வந்த ஈழத்தமிழரும், 1983க்குப் பிறகு உயிர் தப்பி வந்து, பட்டம் இருந்தும் பெட்ரோல் நிலையத்தில் இரவெல்லாம் கல்லாவில் உட்கார்ந்த ஈழத்தமிழரும் ஒரே மொழி, ஒரே கோயில், ஒரே குடும்ப ஒழுக்கம் கொண்டவர்கள்தாம். அவர்கள் அடைந்த இடங்கள் வேறு வேறு. ஆசியர் வெற்றி பற்றிய கட்டுரைகளைத் தாங்கள் மேலும் வெளியிடுவதானால், எந்த ஆசியர், எந்த ஆண்டு வந்தவர், எந்த வேலைக்கு வந்தவர் என்ற விவரங்களையும் உடன் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அத்தகைய விவரங்களைத் திரட்டும் பணியில் என்னால் இயன்ற உதவியைச் செய்ய ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கிழக்கு லண்டன்.