வெடித்த மூடியும் காணாமற்போன கோவையும்

திருகோணமலை மாவட்ட உள்ளூராட்சி சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஊழலைக் கண்காணிக்கும் ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனலின் 2024ஆம் ஆண்டு ஊழல் சுட்டெண்ணில் இலங்கைக்குக் கிடைத்தது 100க்கு 32; புள்ளி கூடினால் ஊழல் குறைவு என்று அர்த்தம். 180 நாடுகளில் 121ஆம் இடம். அரச துறையைப் பற்றி நிபுணர்களும் தொழில் துறையினரும் வைத்திருக்கும் அபிப்பிராயத்தைத் திரட்டிப் போடும் புள்ளி அது. எங்கள் ஒழுங்கைக்குள் வந்து எட்டிப் பார்ப்பதில்லை.

இந்த ஒழுங்கையில் ஒரு வடிகான் கட்டினார்கள். முதல் மாரிக்கே இரண்டு கொங்கிரீட் மூடிகள் வெடித்தன. உள்ளே கிடந்த கம்பி ஈர்க்குத் தடிப்பு. வேலைப் பலகையில் திறந்து வைத்தவரின் பெயர் பெரிதாக இருக்கிறது. தொகை எழுத வேண்டிய இடம் வெறுமை. மதிப்பீடும் செலவும் கேட்டு ஒரு கந்தோரில் தகவல் விண்ணப்பம் கொடுத்தேன். மேசையில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்னத்துக்குத் தம்பி உங்களுக்கு?” என்றார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி காரணம் சொல்ல வேண்டியதே இல்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள்தான் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து வந்தது ஒரே வரி: கோவை தேடப்படுகிறது. வடிகான் இருக்கிறது, கோவையைத்தான் காணோம்.

சரி, உங்கள் சபையை நீங்களே ஒருமுறை அளந்து பாருங்களேன். போன வருடம் வந்த தகவல் விண்ணப்பங்களில் எத்தனைக்குத் தவணைக்குள் பதில் போனது? எத்தனை வேலைகளுக்கு ஒரேயொரு ஒப்பந்தக்காரர் மட்டும் கேள்விமனு போட்டார்? வேலையைக் கொடுத்த பிறகு தொகை கூடியது எவற்றுக்கு? ஒருவர் மட்டும் போட்டாலே களவு என்று சொல்ல வரவில்லை. சின்ன வேலைக்கு ஆள் பிடிப்பதே கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அதே பெயர் வருடா வருடம் தனியாகவே வந்தால், எந்தக் கோவையை முதலில் திறக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்தார்கள். அனுமதி கொடுத்தது யார் என்று அதற்குப் பிறகுதான் எல்லோரும் கேட்டோம். அந்த அனுமதித் தாளைத் துறையடியில் ஒட்டியிருந்தால் முன்னமே கேட்டிருப்போம்.

அடுத்த அமர்வில் ஒரு தீர்மானம் போடுங்கள்: தொகை, ஒப்பந்தக்காரர் பெயர், போட்டியிட்டவர்கள் எத்தனை பேர், முடிக்க வேண்டிய திகதி, இவ்வளவும் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு வேலைப் பலகையிலும் இருக்க வேண்டும். இடம் போதாது என்றால் திறந்து வைத்தவரின் பெயரைக் கொஞ்சம் சின்னதாக எழுதலாம்.

இப்படிக்கு,
ஆதன வரி கட்டும் ஒருவன்,
உப்புவெளி