பூல் ஆட்டத்தில் முதலில் போனவருக்கு மரியாதை எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பூல் ஆட்டத்தின் (டேபிள் மேல் பந்துகளைக் கோலால் அடித்துக் குழிக்குள் தள்ளும் ஆட்டம்) ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது சாதனையாளர்களைச் சேர்த்துக் கௌரவிக்கும் பட்டியலில், யாருக்கெல்லாம் இடம் தரலாம் என்று நம் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையை, ஓசூரில் நாங்கள் ஆடும் பார்லரில் கை மாற்றிக் கை மாற்றிப் படித்தோம். கிரிக்கெட்டைத் தாண்டி பூலுக்கும் இடம் கொடுத்ததற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையாளர் வைத்திருக்கும் ஒரே அளவுகோல் 'எத்தனை பட்டம்' என்பதுதான். அதை என்னால் ஏற்க முடியவில்லை. யார் முதலில் போய் வழி திறந்தார், அவருக்குப் பின்னால் யாரெல்லாம் அந்த வழியில் வந்தார்கள் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

ஃபிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர் எஃப்ரென் ரேயஸ் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மணிலாவில் உறவினர் நடத்திய பூல் கூடத்தில் வளர்ந்து, ராத்திரி அந்த டேபிள் மேலேயே படுத்துத் தூங்கிய பையன் அவர். 1994-இல் யு.எஸ். ஓபன் நைன் பால் (ஒன்பது பந்து பூல்) பட்டத்தை வென்ற முதல் வெளிநாட்டுக்காரர். 1999-இல் கார்டிஃபில் உலக சாம்பியன். 2003-இல் அமெரிக்க பில்லியர்ட்ஸ் காங்கிரஸின் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போன முதல் ஆசியரும் அவரே. நேர் வழியே இல்லாதபோது வெள்ளைப் பந்தை டேபிளின் ஓர குஷனில் இரண்டு மூன்று தடவை மோதவிட்டு அவர் அடிக்கும் அடியை, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எங்கள் பார்லர் பையன்கள் பழகுகிறார்கள்.

சரி, ரேயஸுக்கு முன்பே ஃபிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்கா போய் ஆடியது யார்? ஹோசே பாரிக்கா. மணிலாக்காரர்கள் எப்படி ஆடுவார்கள் என்று அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு முதலில் காட்டியவர் அவர். அவர் பெயர் பட்டியலில் ஏறியது 2014-இல். ரேயஸுக்குப் பதினோரு வருடம் கழித்து. இடையில் 2010-இல் இன்னொரு ஃபிலிப்பைன்ஸ்காரரான பிரான்சிஸ்கோ புஸ்தமாந்தேயும் உள்ளே போய்விட்டார். மூவரும் தகுதியானவர்கள்தான், வரிசைதான் தப்பு. பட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தால் பாரிக்கா போன்றவர்கள் எப்போதும் கடைசியில்தான் நிற்பார்கள்.

இதைவிட மனதை வருத்துவது சிசெரோ மர்ஃபியின் கதை. நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த கறுப்பின ஆட்டக்காரர். நிறத்தைக் காரணம் காட்டி, நன்றாக ஆடிய வயதில் அவரைப் பெரிய போட்டிகளுக்கே விடவில்லை. கடைசியில் 1965-இல் கலிபோர்னியாவில் நடந்த உலகப் போட்டிக்கு அழைத்தார்கள். முதல் முயற்சியிலேயே பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 1995-இல். அடுத்த வருடமே இறந்துவிட்டார். ஆடவே விடாமல் வைத்திருந்துவிட்டு, பட்டம் எங்கே என்று கேட்பது என்ன நியாயம்?

அதே புரூக்ளின்காரர்தான் ஜீன் பலூகஸ். ஒன்பது வயதில் பெண்களுக்கான யு.எஸ். ஓபன் பூல் போட்டியில் ஐந்தாம் இடம் பிடித்த சிறுமி. 1972 முதல் தொடர்ந்து ஏழு வருடம் அந்தப் பட்டம் அவரிடமே இருந்தது. 1985-இல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைக் கௌரவித்தது. பட்டக் கணக்கிலும் சரி, வழி திறந்த கணக்கிலும் சரி, அவருக்கு இணை சொல்வது கஷ்டம். அவரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஓசூரிலும் தர்மபுரியிலும் பூல் பார்லர் என்றாலே வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி ஆட்களும் கல்லூரிப் பையன்களும்தான் அங்கே. என் அக்கா மகளுக்கு க்யூ (பந்தை அடிக்கும் கோல்) பிடிப்பதில் நல்ல கை. ஆனால் நான் கூடப் போனால்தான் வீட்டில் விடுகிறார்கள். சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் 2025-இல் தோஹாவில் பூலைப் போலவே டேபிளில் ஆடும் ஸ்னூக்கரில் உலகப் பட்டம் வாங்கிய செய்தியை அவளே வெட்டி எடுத்து அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். அப்புறம்தான் அவள் அம்மாவும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

எனவே, ரேயஸுக்குக் கொடுத்த அதே அளவு இடத்தை பாரிக்காவுக்கும் மர்ஃபிக்கும் பலூகஸுக்கும் ஒதுக்கி, ஞாயிறுதோறும் ஒருவராக எழுதுங்கள். அனுபமாவைப் பேட்டி கண்டு போடுங்கள். அந்தப் பக்கங்களை எங்கள் பார்லர் சுவரில் ஒட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்